ஷரபுன்னிசாவின் காவல்

பாலக்கரையில் ஷரபுன்னிசாவைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அவளிடம் ஒரு கை உப்பு கடன் வாங்கித் திருப்பிக் கொடுத்தால், நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஜாடியில் கொட்டுவாள் என்பார்கள். அது பொய்யில்லை. பால்காரன் மேல் சந்தேகம், குழாயடியில் முன்னால் நிற்பவள் மேல் சந்தேகம், தெருவில் யாரோ ஒருவன் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தால் அவன் எதையோ புதைக்கிறான் என்று சந்தேகம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது மற்றவர்களுக்குப் பழமொழி, அவளுக்கு அதுதான் தினசரிப் பிழைப்பு.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. மணப்பாறையில் மாட்டு யாவாரம் செய்த அவள் அத்தா, கூட்டாளியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார். கூட்டாளி மாடுகளோடு போனவன் போனவன்தான். வீடு போயிற்று, பேர் போயிற்று, மகளுக்குப் பேசியிருந்த நல்ல இடமும் கைநழுவிப் போயிற்று. கடைசியில் அவளைத் திருச்சி காந்தி மார்க்கெட் வெங்காய மண்டியில் மூட்டை தூக்கும் பரக்கத் அலிக்கு நிக்காஹ் செய்துவைத்தார்கள். "யாரையும் நம்பாதே தாயி" என்று சொல்லித்தான் அத்தா அவளை அனுப்பினார். மற்றப் பெண்களுக்குப் பாத்திரம் பண்டம் சீராக வந்தது. இவளுக்கு இந்த ஒரு வார்த்தை வந்தது.

பரக்கத் அலி நல்ல மனிதன். வாயில்லாப் பூச்சி. மண்டிக்கு லாரி வந்தால் அவனுக்கு வேலை உண்டு, வராவிட்டால் துண்டைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொள்வான். ஆகவே அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது ஷரபுன்னிசாவின் பீடியால்தான். ஷேக் தாவூது என்ற ஏஜெண்ட் இலையும் தூளும் கொண்டுவந்து போடுவார். சுற்றிய பீடியைக் கட்டுக்கட்டாக வாங்கிக்கொண்டு போவார். அந்தச் சந்தில் முக்கால்வாசிப் பெண்களுக்கு அதுவே வேலை. இலையை இரவெல்லாம் ஈரச் சாக்கில் சுற்றி வைப்பார்கள். காலையில் தகடு வைத்து அளவாக வெட்டி, மடியில் முறத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், பிறகு எழுந்திருப்பது பொழுது சாய்ந்துதான். முறத்தில் புகையிலைத் தூள் குவிந்து கிடக்கும். இலையில் ஒரு சிட்டிகை தூவி, உருட்டி, நுனியை நகத்தால் மடித்து, நூலால் ஒரு முடிச்சு. ஷரபுன்னிசாவின் விரல் அந்த வேலையில் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் போகும்.

கல்யாணமான புதிதில், வேலை பழகிய முதல் நாட்களில், அவள் முறத்தைத் தள்ளிவிட்டு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். தலை சுற்றியது, கை கால் சில்லிட்டது. அடுத்த வீட்டு வீராயி, அவளும் பீடிக்காரிதான், சிரித்தாள்.

"எல்லாருக்கும் வர்றதுதான்டி. தொழிலு உடம்புல ஏறுது. நாலு நாள் பொறுத்துக்க, சரியாப் போயிடும்."

சரியாகத்தான் போயிற்று. சரியாகப் போன எதையும் மனுஷி மறந்துபோகிறாள்.

ஐம்பத்தாறாம் வருஷம் பரக்கத் அலியின் அக்கா சாரா பீவி ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினாள். பிள்ளை இல்லை என்று புதுக்கோட்டைப் பக்கத்துப் புருஷன் தலாக் சொல்லி அனுப்பிவிட்டான். அதிகம் பேசாத பெண். வந்த மறுநாளே அடுப்படியைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். ஐந்து வேளையும் தொழுதாள். யார் வம்புக்கும் போகவில்லை. வம்புக்குப் போகாதவளைக் கண்டால் ஷரபுன்னிசாவுக்கு இரண்டு மடங்கு சந்தேகம் வரும். இவ்வளவு அமைதியாக இருக்கிறாளே, உள்ளே என்ன வைத்திருக்கிறாள்?

அடுத்த வருஷம் ஷரபுன்னிசாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ரஹ்மத் என்று பேர் வைத்தார்கள். சாரா பீவி குழந்தையை வாரி எடுத்து, "எவ்ளோ அழகா கொழுகொழுன்னு இருக்கா!" என்றாள். மாஷா அல்லா என்று சொல்லவில்லை. குழந்தையை மெச்சினால் அந்த வார்த்தையைச் சேர்த்துச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் கண் விழும் என்பது தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆசையில் மறந்துவிட்டாள் அவள். பிள்ளையைத் தொட்டுத் தூக்கவே வாய்க்காத கைக்கு ஒரு குழந்தை கிடைத்தால் வாய் எதைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளும்? ஆனால் அவள் சொல்லாமல் விட்டதை ஷரபுன்னிசா மனசில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

ரஹ்மத் நன்றாக வளரவில்லை. குடித்த பாலைக் கக்கினாள். அழவேண்டிய நேரத்திலும் துவண்டு தூங்கினாள். தவழுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தாள். மையவாடியில் அடக்கம் செய்துவிட்டு வந்த பரக்கத் அலி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். சாரா பீவி மூலையில் துப்பட்டியால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஷரபுன்னிசா அழாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறுபதில் ஹனீஃபா பிறந்தான். இந்த முறை ஷரபுன்னிசா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இவனையும் பறிகொடுத்தால் தனக்கு உயிர் தங்காது என்று அவளுக்குத் தெரியும். நாத்தனார் குழந்தையைத் தூக்கக் கூடாது. நாத்தனார் காய்ச்சிய தண்ணீரில் குழந்தையைக் குளிப்பாட்டக் கூடாது. நாத்தனார் எதிரில் பால் கொடுக்கக் கூடாது. இதை வாயால் சொல்லவில்லை. சாரா பீவி பக்கத்தில் வந்தால் குழந்தையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றிக்கொள்வாள், அவ்வளவுதான். சாரா பீவிக்குப் புரிந்தது. புரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாமல் அடுப்பை ஊதினாள்.

தூளியில் போட்டு, அவள் வேலையில் குனிந்திருக்கும்போது யாராவது எதையாவது செய்துவிட்டால்? ஆகவே குழந்தை எந்நேரமும் அவள் மடியில். ஒரு தொடையில் ஹனீஃபா, மறு தொடையில் முறம். அழுதால் வேலை நின்றுவிடும். வேலை நின்றால் ஷேக் தாவூது முகத்தைச் சுளிப்பார். பீடி சுற்றுகிற வீடுகளில் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். இடது கைச் சுண்டுவிரலைக் குழந்தையின் வாயில் கொடுத்துவிட்டு மற்ற விரல்களால் வேலையைத் தொடர்வது. குழந்தை சப்பிக்கொண்டே கிடக்கும். ஹனீஃபா அந்த விரல் கிடைத்தால் உடனே அடங்கிவிடுவான். கொஞ்ச நேரத்தில் தூங்கியும் போவான். "என் ராசா, அம்மா கஷ்டம் தெரிஞ்ச புள்ள" என்று கொஞ்சுவாள் அவள்.

ஒருநாள் சாரா பீவி பொறுக்கமாட்டாமல் சொன்னாள்: "ஷரபு, கையக் கழுவிட்டு விரலக் குடேன்."

"ஏன் மதினி, என் கை என்ன அசிங்கமா?"

"அப்படிச் சொல்லல. தூளு..."

"தூளுதான் உங்களுக்கும் சோறு போடுது."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அன்று ராத்திரி சாப்பாட்டில், ஷரபுன்னிசா கையால் பிசைந்து வைத்த சோறு கசக்கிறது என்று பரக்கத் அலி தட்டைத் தள்ளினான். அவள் ஒரு வாய் போட்டுப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. சமைத்தவள் யார் என்று மட்டும் உடனே நினைவு வந்தது.

ஹனீஃபாவுக்கு நாலாம் மாதத்தில் ஆரம்பித்தது. பாலைக் கக்கினான். உதடு வெளுத்தது. நெற்றியில் வியர்வை பூத்து, உள்ளங்கால் ஜில்லென்றிருந்தது. ரஹ்மத்துக்கு எப்படி வந்ததோ அப்படியே. ஷரபுன்னிசா வேவு பார்க்கத் தொடங்கினாள். ஒருமுறை கொல்லைக்குப் போய்விட்டு அவள் உள்ளே வரும்போது சாரா பீவி முந்தானையால் குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்தாளா, தடவினாளா? குழந்தையின் நாக்கைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள் ஷரபுன்னிசா. அதில் பழுப்பாக ஒரு துளித் தூள் ஒட்டியிருந்தது. படுக்கைத் துணியை உதறினாள். அதிலும் அதே தூள்.

மீன்காரிக்கு மீன் வாடை தெரியாது. அந்தத் தூளை ஒரு தாளில் பத்திரமாக மடித்து எடுத்துக்கொண்டு, தண்ணீர் ஓதிக் கொடுக்கிற ஒரு பெரியவரிடம் போனாள். அவர் மூக்குப்பொடி ஆசாமி. தாளைப் பிரித்து முகர்ந்து பார்த்தார். அவர் மூக்குக்கு எதை முகர்ந்தாலும் ஒரே வாசனைதான்.

"மண்ணு மாதிரி இருக்கும்மா. மையவாடி மண்ணாக்கூட இருக்கலாம். அல்லாதான் அறிவான்."

பெரியவர் சொன்னது 'இருக்கலாம்'. ஷரபுன்னிசா வீடு வந்து சேருவதற்குள் அது 'மையவாடி மண்ணேதான்' என்று ஆகிவிட்டது. தாளை நாத்தனாரின் முன்னால் விரித்து வைத்தாள்.

"இது என்ன மதினி?"

சாரா பீவி ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தாள். "உன் பீடித்தூளுல்ல?"

"என் தொழில் மேலயே பழியப் போடுறீங்களா? ரஹ்மத்த எடுத்தது போதாதா உங்களுக்கு?"

பரக்கத் அலி, "ஏய், ஏய்" என்றான். ஷரபுன்னிசா மாடத்திலிருந்த குர்ஆனைக் காட்டினாள்.

"அது மேல கை வச்சுச் சொல்லுங்க. என் புள்ளைக்கு எதுவும் செய்யலன்னு சொல்லுங்க."

சாரா பீவி குர்ஆனைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். முகம் கல்லாகிவிட்டது.

"இன்னிக்குச் சத்தியம் கேப்பே. பண்ணிக் குடுத்தா நாளைக்குச் சத்தியமும் பொய்யிம்பே. உனக்குக் குடுக்கறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல ஷரபு. அந்தக் கையக் கழுவு. அவ்வளவுதான் சொல்லுவேன்."

அன்று பகலே தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லால்குடிக்குப் பஸ் ஏறிவிட்டாள். அங்கே அவளுக்கு ஒரு மாமா வீடு இருந்தது. பரக்கத் அலி பெட்டியைத் தூக்கப் போனபோது, "வேணாம், நீ உன் சுமையப் பாரு" என்றாளாம். அவன் அழுதுகொண்டே திரும்பி வந்ததைச் சந்தே பார்த்தது. சத்தியம் பண்ணப் பயந்து ஓடிவிட்டாள் என்று ஷரபுன்னிசா சொன்னதையும் சந்தே கேட்டது.

வீட்டில் இப்போது எதிரி இல்லை. ஷரபுன்னிசா சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். வாசல்படிக்கு அடியில் தோண்டிப் பார்த்தாள். ஒரு துருப்பிடித்த ஆணி கிடைத்தது, அதைக் காவேரியில் கொண்டுபோய் எறிந்தாள். குழந்தைக்குக் கழுத்தில் தாயத்து, இடுப்பில் தாயத்து. பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் பொழுதுக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டாள். விரல் வாயிலேயே இருந்தது.

ஹனீஃபா இன்னும் மோசமானான். விரலை எடுத்தால் சிணுங்குவான், கொடுத்தால் அடங்குவான், அடங்கியபின் வாந்தி. கண் செருகும். எலும்பும் தோலுமாக அவனைப் பார்க்கும்போதெல்லாம், போனவள் எதையோ விட்டுவிட்டுப் போயிருக்கிறாள் என்று ஷரபுன்னிசா வீட்டை மறுபடி அலசினாள். அதுவும் ஓய்ந்ததும் சந்தேகம் வீராயி மேல் திரும்பியது. ஒருநாள் புருஷன் மேல்கூடத் திரும்பியது. அக்கா சொல்லி இவன் ஏதாவது செய்கிறானோ? வேலியே பயிரை மேய்கிறதோ என்று நினைத்தாள். வேலி யார் என்பதில்தான் தவறு.

சந்து முனையில் ரோஷன் பேகம் என்று ஒரு பெண். கல்யாணம் பேசி வைத்திருந்தார்கள். பீடி சுற்றத் தெரிந்தவளா என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டதால் அவசரமாகத் தொழில் பழக ஷரபுன்னிசாவிடம் அனுப்பினார்கள். வேகமாகச் சுற்றுகிற விரலுக்கு அந்தக் காலத்தில் நல்ல கிராக்கி, முகம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. ஷரபுன்னிசாவுக்கு அவளை வீட்டுக்குள் விடவும் யோசனைதான். ஆனாலும் எதிரிலேயே உட்கார வைத்துக்கொண்டாள். பெண் காலை முழுக்கத் தூளில் கை வைத்துப் பிசைந்து பிசைந்து பழகினாள். நகத்தைக் கடிக்கிற பழக்கம் வேறு. மத்தியானம் சாயும்போது முறம் கவிழ்ந்தது. பெண் சுவரோரம் சரிந்தாள்.

வாந்தி. உதடு வெளுத்துப் போயிருந்தது. நெற்றியிலும் மேல் உதட்டிலும் முத்து முத்தாக வியர்வை. உள்ளங்கால் ஜில்லென்று. கண் பாதி செருகியிருந்தது.

சத்தம் கேட்டு வீராயி ஓடிவந்தாள். "ஒண்ணுமில்ல, புகையில ஏறிடுச்சு. மோரு இருந்தா கரைச்சுக் குடுடி. மொத நாளு நீயும் இப்படித்தான் கெடந்தே."

ஷரபுன்னிசா மோர் எடுக்கப் போகவில்லை. ரோஷனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மடியைப் பார்த்தாள். அங்கே அதே முகம், சின்னதாக, அதே வெளுத்த உதட்டோடு, அவள் விரலைச் சப்பிக்கொண்டிருந்தது.

விரலை வெடுக்கென்று பிடுங்கினாள். குழந்தை வீறிட்டது. அவனைப் பாயில் கிடத்திவிட்டு எழுந்து போய்ப் புளியும் சாம்பலும் போட்டு, தோல் எரிகிற வரைக்கும் கையைத் தேய்த்துக் கழுவினாள். வந்து கையை வீராயியின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"நக்கிப் பாரு."

"அடிப்பாவி, பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு?"

"அல்லா மேல ஆணையாச் சொல்றேன், நக்கிப் பாரு வீராயி. எனக்குத் தெரியல. எனக்கு எதுவும் கசக்க மாட்டேங்குது."

வீராயி சுண்டுவிரலை நுனி நாக்கால் தொட்டாள். முகம் கோணிற்று. வாசலுக்கு ஓடித் துப்பினாள். "எட்டிக்காயா கசக்குதுடி. கழுவியுமா இப்படி?"

ஷரபுன்னிசா கொல்லைக்குப் போனாள். கதவை இழுத்துச் சாத்திவிட்டு, அங்கே உட்கார்ந்து வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதாள். ரஹ்மத்துக்காக அப்போது அழாத அழுகையும் சேர்ந்து வந்தது. மூன்று வருஷமாக ஊர் முழுக்கத் தேடிய கை தன் தோளிலேயே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

அன்றைக்குப் பிறகு விரல் கொடுக்கவில்லை. குழந்தையை வீராயி வீட்டுத் தூளியில் விட்டாள். கொஞ்சம் தேறினான். ஆனால் பால் கொடுத்தபின் மறுபடி கக்கினான். இத்தனை காலம் அடுத்தவரைத் துளைத்த அவள் கண் இப்போது தன்மேலேயே திரும்பியது. சேலையை முகர்ந்தாள். தலைமுடியை உதறினாள், தூள் உதிர்ந்தது. பாயில் தூள், பானை மூடியில் தூள், ஒற்றை அறை வீட்டில் தூள் இல்லாத இடம் எது? பிறகு அதைவிடப் பெரிய சந்தேகம் வந்தது. தன் பாலிலேயே இருக்குமோ?

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். பெண் டாக்டர் குழந்தையைப் பார்த்தார், பிறகு அவளுடைய விரல்களைத் திருப்பிப் பார்த்தார். நுனியில் ரேகை தேய்ந்து வழவழவென்று மஞ்சளாக இருந்தது. அவள் முதுகில் குழலை வைத்துக் கேட்டார்.

"எத்தன நாளா இருமுறே?"

"காலையில மட்டுந்தாம்மா. எங்க சந்துல எல்லாரும் இருமுவோம்."

"பால்லயும் இறங்கும்மா. மூச்சுலயும் போகும். உன் நெஞ்சும் சரியில்ல. இந்த வேலைய விட முடியுமா உன்னால?"

அது மழைக்காலம். மண்டிக்கு வெங்காய லாரி வருவது நின்றிருந்தது. பரக்கத் அலி துண்டைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தான். முறத்தைக் கீழே வைத்தால் அன்றைக்கே உலை ஏறாது. வேலையை விட்டால் பிள்ளைக்குப் பட்டினி, விடாவிட்டால் விஷம். அந்தக் கேள்வியைக் கேட்ட டாக்டர் மேல் அவளுக்குக் கோபம்கூட வந்தது. பதில் இல்லாத கேள்வியை எதற்குக் கேட்கவேண்டும்?

யோசித்து யோசித்து ஒரே ஒரு வாசல்தான் தெரிந்தது. அந்த வாசலை அவளே அடைத்திருந்தாள். லால்குடி மாமா வீட்டில் மாடு இருந்தது. காற்று இருந்தது. தூள் இல்லை. அங்கே ஒருத்தி இருந்தாள். அவள் தன் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வாள் என்றுதான் ஷரபுன்னிசா இத்தனை நாள் காவல் காத்தாள்.

துப்பட்டியைப் போர்த்துக்கொண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பஸ் ஏறினாள். காவேரிப் பாலத்தில் பஸ் திரும்பியதும் ஸ்ரீரங்கத்துக் கோபுரம் தெரிந்தது, பிறகு கொள்ளிடத்துத் தண்ணீர். சின்னப் பெண்ணாக இருந்தால் எட்டிப் பார்த்திருப்பாள். குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டு போனாள். இன்னும் எத்தனை நேரம் இந்த முகம் தன்னிடம் என்ற நினைப்பு மட்டும் ஓடிற்று.

சாரா பீவி களத்தில் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தாள். தம்பி பெண்டாட்டியைக் கண்டதும் நிமிர்ந்தாள். வா என்று சொல்லவில்லை.

"என்ன திட்டத்தோட வந்திருக்கே?"

"புள்ளைய வச்சுக்கங்க மதினி."

சாரா பீவியின் கை தானாக நீண்டது. பாதியில் அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"எதுக்கு? நாளைக்கு இவனுக்கு ஒண்ணுன்னா என் தலையில கட்டறதுக்கா? ஒரு தடவ பட்டது போதும். எனக்கு இந்த விளையாட்டு வேணாம்."

மாமா வீட்டு ஆட்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். களத்தில் வேலை செய்தவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஷரபுன்னிசா முகத்திலிருந்து துப்பட்டியை விலக்கினாள். வாழ்நாளெல்லாம் யாரையும் நம்பாதவள், அத்தனை பேர் காதிலும் விழும்படி பேசினாள்.

"நீங்க எதுவும் செய்யல. என் கைதான். நீங்க சொன்னீங்க, நான் கேக்கல. ரஹ்மத்துக்கும் என் கைதான். யார் கேட்டாலும் சொல்லுவேன், மறுமையில கேட்டாலும் சொல்லுவேன். இவன் எங்கிட்ட இருந்தா செத்துப் போயிடுவான் மதினி."

ரஹ்மத் என்ற பேரைக் கேட்டதும் சாரா பீவி குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். அவள் ஆறுதல் சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. அந்த மாதிரி வார்த்தையெல்லாம் அவளுக்கு எப்போதும் வராது. நெல் தூசி படிந்த கையைத் தொட்டித் தண்ணீரில் கழுவினாள், முந்தானையில் துடைத்தாள், குழந்தையை வாங்கிக்கொண்டாள். இந்த முறை ஞாபகமாக, "மாஷா அல்லா" என்றாள், மெச்சுவதற்கு அந்தக் குழந்தையிடம் ஒன்றுமே இல்லாதபோதும்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஷரபுன்னிசாவுக்கு மார் கனத்து ரவிக்கை நனைந்தது. துப்பட்டியை இழுத்து மூடிக்கொண்டாள். பாலக்கரையில் இறங்கி, வீட்டுக்குப் போய், ஈரச் சாக்கைப் பிரித்து இலை வெட்ட உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு அவள் வாழ்க்கையில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பீடி சுற்றினாள். ஒவ்வொரு மாசமும் லால்குடிக்குப் பணம் கொடுத்தனுப்பினாள். கைக்குழந்தையோடு வேலைக்கு உட்காருகிற பெண்களைக் கண்டால் போய்ச் சண்டை பிடித்தாள். "விரலக் குடுக்காதீங்கடி" என்று கத்துவாள். சிலர் கேட்டார்கள். சிலர், பிள்ளையைப் பறிகொடுத்தவள் ஏதோ உளறுகிறாள் என்று கதவைத் தாழ்போட்டுக்கொண்டார்கள். ஷேக் தாவூதிடம் போய் வேலை செய்ய ஒரு தனிக் கொட்டகை போட்டுக் கொடுங்கள் என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டுப் போனார். இருமல் காலையில் மட்டும் வந்தது போய், எந்நேரமும் வர ஆரம்பித்தது. வேறு பிள்ளை பிறக்கவில்லை. பிறக்காததற்கு அவள் அல்லாவுக்கு நன்றி சொன்னாள் என்று வீராயி சொல்வாள்.

ஹனீஃபா பிழைத்தான். லால்குடிப் பாலும் சோறும் அவனை வயல் எலி மாதிரி கொழுக்க வைத்தன. சாரா பீவியை அம்மா என்றான். ஷரபுன்னிசாவை, அந்த வீட்டுப் பிள்ளைகள் கூப்பிடுகிற மாதிரி, மாமி என்றான். யாரும் திருத்தவில்லை. அவளும் திருத்தவில்லை.

அவனுக்கு ஆறு வயதானபோது நோன்புப் பெருநாளுக்கு சாரா பீவி அவனைப் பாலக்கரைக்குக் கூட்டி வந்தாள். அதற்கு முன் ஷரபுன்னிசாதான் லால்குடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள், அவன் இந்த வீட்டுக்கு வந்ததில்லை. ஷரபுன்னிசா இரண்டு நாளாக முறத்தைத் தொடவில்லை. முறத்தையும் தூளையும் வீராயி வீட்டுக்குக் கடத்தியிருந்தாள். வீட்டைக் கழுவி விட்டிருந்தாள். தலைக்குக் குளித்து, புதுச் சேலை கட்டி, முந்திரி போட்டுச் சேமியா காய்ச்சி வைத்திருந்தாள். பையன் உள்ளே வந்ததும் கிண்ணத்தில் ஊற்றி நீட்டினாள்.

"சாப்புடு தங்கம்."

பையன் கை நீட்டுவதற்கு முன்னால் சாரா பீவி குறுக்கே வந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். "வரும்போதுதான் வயிறு முட்டச் சாப்டான். பொறவு சாப்டட்டும்." அவள் கண் ஷரபுன்னிசாவின் விரல்களில் இருந்தது. பிறகு பாயின் ஓரத்தைப் பார்த்தது, மூலையைப் பார்த்தது, கூரையைப் பார்த்தது.

அந்தப் பார்வையை ஷரபுன்னிசாவுக்கு நன்றாகத் தெரியும். பையன் வாசலுக்கு ஓடினதும் மெதுவாகக் கேட்டாள்.

"சாப்டுட்டு வந்தான்கிறது பொய்தானே மதினி?"

சாரா பீவிக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"ஆமா ஷரபு. கோவிச்சுக்காதே. எனக்குப் பயமா இருக்கு."

ஷரபுன்னிசாவுக்கு நெஞ்சில் கத்தி பாய்ந்தது போலத்தான் இருந்தது. அது உண்மை. பெற்றவள் கையால் ஒரு வாய் சேமியா அவனுக்கு இல்லை. ஆனால் அந்த வலிக்கு அடியில் வேறு ஒன்றும் இருந்தது. இத்தனை வருஷம் ராத்திரி தூக்கம் வராமல் அவள் எதை எண்ணிக் கிடந்தாளோ, அங்கே என் பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று, அந்தக் கவலை அந்த இடத்திலேயே இறங்கிற்று. பெற்றவளைக்கூட நம்பாத ஒருத்தியின் கையில் அவன் இருக்கிறான். கிண்ணத்தை அவளிடமிருந்து வாங்கி ஓரமாக வைத்தாள்.

"இப்படியே இருங்க மதினி. யாரையும் நம்பாதீங்க. என்னைய எப்பவும் நம்பாதீங்க."

சாரா பீவி தலையை ஆட்டினாள். பிறகு இரண்டு பெண்களும் வாசலுக்கு வந்து, தெருவில் மற்றப் பிள்ளைகளோடு ஓடிக்கொண்டிருந்த ஹனீஃபாவை ஆளுக்கொரு பக்கமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.